நாப்பத்திரெண்டாம் நம்பர் பொண்ணு

அக்கா, அம்மா, அத்தை, உங்க மூணு பேருக்கு மட்டும்தான் இது. 'அப்பா இல்லாத குரூப்'னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சதே இதுக்குத்தான். அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தா இப்ப படிக்காதீங்க. கண்ணாடி தேடுற மாதிரி எழுந்து உள்ள போயி படிங்க. டைப் அடிச்சா விடிஞ்சிடும், அதான் பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்து வாயாலயே சொல்லிக்கிட்டு வர்றேன், போன் எழுதிக்குது. பக்கத்துல இருந்தவருக்கு நம்ம பாஷை தெரியாது. யாரையோ திட்டுறேன்னு நினைச்சு ரெண்டு சீட் தள்ளிப் போயிட்டாரு.

முதல்ல, நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். காய்ச்சல் இல்ல. வேலையும் இன்னும் போகல. அம்மா, அந்த 'இன்னும்'ங்கறதைப் பிடிச்சுக்கிட்டு இப்பவே அழ ஆரம்பிக்காத. முழுசா கேளு.

வெள்ளிக்கிழமையோட எனக்கு ஆறு மாசம் முடியுது. 'இந்தப் பொண்ணு இனிமே நிரந்தரம்'னு எங்க மியூசியம் மேடம் ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டாத்தான் நான் இந்த நாட்டுல தங்குற பேப்பரைப் புதுப்பிப்பாங்க. போடலேன்னா பெட்டியைக் கட்டணும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

அத்தை, நான் கிளம்புற அன்னைக்கு என் பெட்டியில துணிக்கு அடியில ஒரு கவரைச் சொருகினீங்களே. "அங்க நல்ல மெஷின் இருக்கும்ல, பெருசாக்கிக் குடுடி. உங்கப்பன் ரிட்டயர் ஆகுற அன்னைக்கு டெப்போவுல எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டுறேன்"னு சொன்னீங்களே. அந்தக் கவர்தான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

உள்ள என்னன்னு அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியாதுல்ல? அப்பாவோட போட்டோ. மூணு வயசு. கவுன் போட்டிருக்காரு. ஆமா, கவுன்தான். கழுத்து பூரா லேஸ், தலையில ரெண்டு ரிப்பன். நாற்காலியில உட்கார்ந்திருக்காரு. கையில ஒரு பெரிய இரும்புச் சாவி. ஒரு கால்ல ஷூ, இன்னொரு கால் வெறுங்கால். மடியில தலை தொங்கின ஒரு பூ. பக்கத்துல ஒரு காலி நாற்காலி. பின்னாடி தூண், படிக்கட்டு, ஏரி, எல்லாம் பெயிண்ட்ல. அப்புறம் இடுப்புக்கிட்ட, திரைக்குள்ளேர்ந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்து அவரைப் பிடிச்சிருக்கு. மூஞ்சிதான் முக்கியம். இருபது நிமிஷம் லேட்டா வந்த பஸ்ஸை அப்பா டைம் ஆபீஸ் ஜன்னல் வழியா பார்ப்பாரே, அதே மூஞ்சி. மூணு வயசுலயே அதே மூஞ்சி.

அம்மா, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரி. வெளிய கேக்கும்.

மூணு காப்பி இருந்துச்சாம். பெரியவனானதும் அப்பாவே ரெண்டைத் தேடிப் பிடிச்சுக் கிழிச்சுப் போட்டுட்டாராம். மூணாவதை அத்தை, அட்டையோட ஓரத்தையெல்லாம் வெட்டி, தகர டப்பாவுக்குள்ள அடக்கி இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சிருந்தாங்க. ஸ்டுடியோ பேரு அந்த ஓரத்தோட போச்சு. அது போனதுதான் எனக்கு வினை.

இங்க என் வேலை என்னன்னு தெரியும்ல. மியூசியத்துக்கு ஒரு பெட்டி நிறைய பழைய போட்டோ வந்துச்சு, பேரு தெரியாத நம்ம நாட்டுப் பிள்ளைங்க போட்டோ, மொத்தம் நாப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணையும் பிரஷ்ஷால தூசி தட்டி, ஸ்கேன் பண்ணி, நீலத் தட்டுல வைக்கணும். நீலத் தட்டுல இருக்கறதை எடுத்துப் பின்பக்கம் பென்சில்ல நம்பர் போடுறவரு ஒருத்தர் இருக்காரு. நான் அவரைப் பென்சில்காரர்னு சொல்லுவேன். வேலைக்கு வந்த நாள்லேர்ந்து 'இது என்ன'ன்னு ஒரு தடவைகூட கேட்டதில்லையாம். நீலத் தட்டுல இருந்தா நம்பர், அவ்வளவுதான். போன மாசம் மேடத்தோட கையுறைக்கு நம்பர் போட்டுட்டாரு. நம்பர் விழுந்துட்டா அது மியூசியம் சொத்து. வாசலைத் தாண்ட மூணு கையெழுத்து வேணும். மேடம் அந்தக் கையுறை இல்லாமதான் இப்ப குளிர்ல வர்றாங்க.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம். ஆள் இல்ல. அப்பாவை மெஷின்ல வச்சு ஸ்கேன் பண்ணினேன். அருமையா வந்துச்சு. அப்ப பார்த்து மேடம், "ஏணி பிடிக்க வா"ன்னு கூப்பிட்டாங்க. போற அவசரத்துல, கை பழக்கம் பாருங்க, ஸ்கேன் பண்ணினதை எடுத்து நேரா நீலத் தட்டுல வச்சுட்டுப் போயிட்டேன்.

பத்து நிமிஷம்தான். திரும்பி வந்தா அப்பா முதுகுல நாப்பத்திரெண்டு.

"ஐயா, பட்டியல்ல நாப்பத்தொண்ணுதானே இருக்கு?"

"பட்டியல் எழுதினவனுக்கு எண்ணத் தெரியல."

"இல்லைங்க ஐயா, இது வந்து..."

"எனக்கு எண்ணத் தெரியும்மா."

சொல்லி முடிக்கறதுக்குள்ள மேடம் உள்ள வந்துட்டாங்க. போட்டோவைப் பார்த்தாங்க. பிறந்த குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையால எடுத்தாங்க. "இதுக்காகத்தான் இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தேன்"னு சொல்லிக்கிட்டே வெளிச்சத்துக்குக் கொண்டு போனாங்க. நம்மப்பாவைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அம்மா, நீ சொல்லியிருக்கியா?

ஏன் அப்பவே சொல்லலைன்னு அக்கா கேப்பா. எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவ தன்னோட வீட்டு ஒப்பந்தத்தை அந்த மெஷின்ல ஸ்கேன் பண்ணினதுக்கே வேலை போயிடுச்சு. வெளிப் பேப்பர் ஒண்ணுகூட அந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு கதவுலயே ஒட்டியிருக்கு. என்னைப் பெத்த அப்பனையே நான் கொண்டு வந்து வச்சிருக்கேன். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். அந்த 'நாளைக்கு' வந்தப்ப, அப்பா ஆளுயரத்துக்கு பிரிண்ட் ஆகி மியூசியம் வாசல்ல தொங்கிக்கிட்டிருந்தாரு. ரோட்டுல போற நாயெல்லாம் நின்னு பார்க்குது. ஒரிஜினலை ஃப்ரேம்ல போட்டு, நாலு மூலையிலயும் ஸ்குரூ முடுக்கி, உள்ள நடு ஹால்ல மாட்டியாச்சு.

அதுக்குக் கீழ மேடம் எழுதியிருக்கறதைக் கேளுங்க. மனப்பாடம் ஆயிடுச்சு எனக்கு.

"செல்வந்தர் வீட்டின் ஒரே மகள். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய படம். காலி நாற்காலி, மறைந்துபோன தந்தையைக் குறிக்கிறது. கையிலுள்ள சாவி, சொர்க்கத்தின் கதவுக்கானது. ஒற்றைக் காலணி, ஒரு கால் இந்த உலகத்திலும் மறுகால் அந்த உலகத்திலும் இருப்பதைச் சொல்கிறது. தலை சாய்ந்த மலரைப் பார்க்கையில், இச்சிறுமி பத்து வயதைத் தாண்டியிருக்க மாட்டாள் என்றே தோன்றுகிறது. திரையிலிருந்து நீளும் கை மரணம்."

அத்தை, மரணம்னா நீங்கதான்.

போன ஞாயித்துக்கிழமை சும்மா பேசுற மாதிரி உங்களைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா கேட்டேனே, அது இதுக்குத்தான். அம்மாவும் அக்காவும் கேக்கட்டும், நீங்க சொன்னதை அப்படியே சொல்றேன்.

"இன்னொரு ஷூ எங்க அத்தை?"

"போட்டோக்காரர் மேல எறிஞ்சான்டி. அவரு குனிஞ்சுட்டாரு. பின்னாடி இருந்த பரண்ல போயி உட்கார்ந்துடுச்சு. எடுக்கவே முடியல, ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தேன்."

"அந்தப் பூ?"

"ஸ்டுடியோ பூச்சாடியிலேர்ந்து பிடுங்கினான். பாதியைத் தின்னுட்டான். மிச்சம் மடியில கிடக்கு."

"பக்கத்துல ஏன் நாற்காலி காலியா இருக்கு?"

"அதுலதான் முதல்ல உட்கார வச்சோம். நனைச்சுட்டான்."

"திரைக்குள்ள கை?"

"பின்ன? பிடிக்கலேன்னா ஓடிடுவான். திரைக்குள்ள பூந்து, மூச்சை அடக்கிக்கிட்டு, குரங்குக்குட்டியைப் பிடிக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டிருந்தேன். பன்னெண்டு வயசு எனக்கு."

"சரி, சாவி?"

"அடுப்புல பால் பொங்குதுடி, வைக்கறேன்!"

வச்சுட்டீங்க. நீங்க பாலே குடிக்க மாட்டீங்களேன்னு அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். சரி, விடுங்க.

இன்னைக்குக் காலையில பதினோரு மணிக்குக் கண்காட்சி திறப்பு. நாப்பது பேர் இருப்பாங்க. மேடம் அப்பா முன்னாடி நின்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் ஓரமா கயிறு கட்டின கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேடம் பேசினா கல்லும் கரையும், பொய் சொல்லல.

"இந்தக் குழந்தை நம்மைப் பார்க்கல. நமக்குப் பின்னாடி வந்துக்கிட்டிருக்கறதைப் பார்க்குது"ன்னாங்க. பரண்ல இருக்கற ஷூவைத்தான் பார்க்குதுன்னு எனக்குத் தெரியும். "இந்தக் கையைப் பாருங்க. பிடிச்சதை விடாத கை"ன்னாங்க. ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்துட்டாங்க.

முன்வரிசையில ஒரு வாண்டு. அஞ்சு வயசுப் பொண்ணு, அவ அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு. போட்டோவைப் பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சு. திரும்பவும் போட்டோவைப் பார்த்துச்சு.

"அம்மா, செத்துப்போன பொண்ணு அந்தா நிக்குது."

"உஷ்."

"அதே மூஞ்சிம்மா! கோவமா நிக்குது பாரு!"

நாப்பது தலையும் ஒண்ணா திரும்புச்சு. பயத்துல என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்? அப்பா மூஞ்சிதான். பயந்தாலும் அதே மூஞ்சி, தூங்கினாலும் அதே மூஞ்சி, உங்களுக்குத் தெரியாததா? சரி, சிரிப்போம்னு சிரிச்சேன். ஒரு அம்மா ஒரு அடி பின்னாடி போயிட்டாங்க.

பென்சில்காரர் மட்டும் நிதானமா, "நானும் எண்ணுறப்பவே நினைச்சேன்"னாரு.

மேடம் என்னைப் பார்த்தாங்க, ஃப்ரேமைப் பார்த்தாங்க. "இந்தக் குழந்தை உனக்கு என்ன வேணும்?"

பொய் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன் அக்கா. சத்தியமா. 'தூரத்துச் சொந்தம் போல இருக்கு மேடம்'னு சொல்லியிருக்கலாம். ஆனா அந்த வாண்டு என்னையே முறைச்சுப் பார்க்குது. டைம் ஆபீஸ் ஜன்னல்ல மாட்டின டிரைவர் மாதிரி ஆயிட்டேன்.

"எங்கப்பா மேடம்."

கைக்குட்டை அம்மாதான் முதல்ல கேட்டாங்க. "அப்ப... பொண்ணு சாகலையா?"

"இல்லைங்க. போன மாசம்தான் ரத்தப் பரிசோதனை பண்ணினாரு. சர்க்கரைகூட இல்லையாம்."

பின்னாடி யாரோ கொல்லுன்னு சிரிச்சாங்க. வாண்டு விடல. "அப்ப இன்னொரு ஷூ எங்க?" பதில் சொன்னேன். குதிச்சுக் குதிச்சுச் சிரிச்சுச்சு. பூ கேட்டுச்சு, சொன்னேன். காலி நாற்காலியைக் காட்டி, "இதுல யாரு?"ன்னுச்சு. அத்தை, நீங்க சொன்னதைச் சொல்லிட்டேன். மறைந்துபோன தந்தைன்னு எழுதின பலகைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு அதைச் சொல்லிட்டேன். ஹாலே அதிர்ந்துடுச்சு. மேடம் மட்டும் சிரிக்கல. விரலை மட்டும் இப்படி ஆட்டினாங்க, ரூமுக்கு வான்னு.

கதவைச் சாத்தினாங்க.

"எத்தனை நாளா தெரியும்?"

"பத்து நாளா மேடம்."

"பத்து நாளா நான் ஊருக்கெல்லாம் இதைச் சொல்றதைக் கேட்டுக்கிட்டு சும்மா நின்ன."

"சும்மா இல்ல மேடம், ஏணி பிடிச்சுக்கிட்டு..."

"வாயை மூடு."

மூடிட்டேன். அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அங்கேயிருந்தே, "நான் எழுதினதுல ஒண்ணாவது சரியா?"ன்னாங்க. கோவமா கேட்ட மாதிரி இல்ல. பரீட்சை எழுதிட்டு வந்த பிள்ளை கேக்கற மாதிரி கேட்டாங்க.

"எழுதினதுல இல்ல மேடம். பேசினதுல ஒண்ணு சரி. பிடிச்சதை விடாத கைன்னு சொன்னீங்கல்ல. அது எங்க அத்தை. அவங்க அப்படித்தான்."

தோளு குலுங்குச்சு. சிரிக்கிறாங்களா அழறாங்களான்னு தெரியல, முதுகுதானே தெரியுது. "அப்ப மத்த நாப்பத்தொண்ணு? அதுலயும் இப்படித்தான் எழுதி வச்சிருக்கேனா?"

"அது தெரியாது மேடம். அந்தப் பிள்ளைங்களோட அத்தைங்க யாரும் எங்க குரூப்ல இல்ல."

அதுக்கப்புறம் விதிப் புத்தகத்தை எடுத்தாங்க. போட்டோவுல இருக்கறவரு உயிரோட இருந்தா, அவரே கைப்பட எழுதித் தரணுமாம். இது நான்தான், இது இது இப்படி வந்துச்சு, மாட்டலாம், இல்ல மாட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்தா, முறையா வாங்கின இரவல்னு எழுதிட்டு என் லெட்டர்லயும் கையெழுத்துப் போடுவாங்களாம். வரலேன்னா அது வெளிப் பேப்பர். வெளிப் பேப்பரைக் கொண்டு வந்தவ வெளிய.

இப்ப புரியுதா ஏன் இந்தக் குரூப்புன்னு? 'அந்தக் கவுன் போட்ட பிள்ளை நான்தான்'னு நம்மப்பா கைப்பட எழுதணும். ரெண்டைக் கிழிச்சுப் போட்ட மனுஷன். மூணாவது ஒண்ணு இருக்குன்னே தெரியாதவரு. அது ஆளுயரத்துல ஒரு ஊரு வாசல்ல தொங்குதுன்னு யாரு சொல்றது? அக்கா, நீ சொல்லு, உன்னைத் திட்ட மாட்டாரு. அம்மா, நீ சாப்பாடு போட்டப்புறம் கூடவே நில்லு. அத்தை, தயவு பண்ணி நீங்க வாயைத் திறக்காதீங்க, நடுவுல சிரிச்சுடுவீங்க. இறங்குற இடம் வந்துடுச்சு. வைக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க.

*

அப்பா, வணக்கம்பா. நல்லா இருக்கீங்களா.

அத்தை உங்களை இந்தக் குரூப்ல சேர்த்து, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துப் போட்டது எனக்குத் தெரியாதுப்பா. நான் படுத்து எழுந்து பார்க்கறதுக்குள்ள நீங்க எல்லாத்தையும் படிச்சுட்டீங்க. குரூப் பேரை மாத்திட்டேன். மூஞ்சியைப் பத்தி நான் சொன்னதெல்லாம் ஒரு பாசத்துல சொன்னது.

நீங்க போன்ல படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பின கடிதம் வந்துச்சு. டெப்போ தாள்ல கோடு போட்டு, வரிசை எண் போட்டு எழுதியிருந்தீங்க. மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை விடாம நம்ம பாஷையிலேர்ந்து அவங்க பாஷைக்கு மாத்திப் படிச்சேன். அக்கா, அம்மா, உங்களுக்கு அப்பா காட்டியிருக்க மாட்டாரு. அதனால அதை இங்கயே படிக்கறேன். மன்னிச்சுக்கோங்கப்பா.

"ஒன்று. படத்தில் இருப்பது நான். எடுத்த நேரம் தெரியாது. அந்த வயதில் எனக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் தாமதமாகத்தான் எடுத்தார்கள்.

"இரண்டு. நாற்காலி பற்றி என் அக்கா சொல்வது அவதூறு. பூச்சாடித் தண்ணீர் கொட்டியது.

"மூன்று. சாவி, எங்கள் வீட்டு சாமான் அறையின் சாவி. நான் அதைப் பிடித்திருந்த நேரம் முழுவதும் எங்கள் அப்பா அந்த அறைக்குள் இருந்தார். பூட்டச் சொன்னது என் அக்கா. ஆண் பிள்ளைக்குக் கவுன் போட்டுப் படம் எடுக்க அப்பா விடமாட்டார் என்பது காரணம். தான் பூட்டினால் தன் மேல் பழி வரும் என்று என்னைத் தூக்கிப் பிடித்துப் பூட்ட வைத்தாள். பூட்டினால் மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னாள். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தோம். அடி எனக்கு விழுந்தது. மிட்டாய் இன்றுவரை வரவில்லை.

"நான்கு. அன்று ஸ்டுடியோவில் நேரம் வாங்கியிருந்தது எனக்காக அல்ல. என் அக்காவுக்காக. ஒரு படம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த ஒன்றில் தன் பழைய கவுனைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, அவள் திரைக்குள் போய்விட்டாள். அவளுக்குச் சிறு வயதுப் படம் வேறு கிடையாது. ஆகவே, படத்தை மாட்டலாம். ஆனால் ஒரே மகள் என்பதை அடித்துவிட்டு, இரண்டு குழந்தைகள் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் கழற்றி அனுப்பவும்."

கீழ கையெழுத்து. தேதி. நேரம், காலை ஆறு பத்து.

முடிச்சதும் மேடம் எழுந்து போயி, நடு ஹால்ல அந்தப் பலகையை அவங்களே கழட்டினாங்க. நான் ஏணி பிடிச்சேன். புதுப் பலகையில முதல் வரி 'இரண்டு குழந்தைகள்'. மத்ததையெல்லாம் நீங்க எழுதினபடியே போடச் சொல்லிட்டாங்க, பூச்சாடித் தண்ணி உள்பட. பழைய பலகையைக் குப்பையில போடறதுக்கு முன்னாடி கைக்குக் கிடைச்ச தட்டுல வச்சாங்க. அதுக்குள்ள பென்சில்காரர் நீலத் தட்டுல பார்த்து நம்பர் போட்டுட்டாரு. நாப்பத்திமூணு. இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கோம். அங்கதான் கூட்டம்.

நாளைக்குப் போட வேண்டிய கையெழுத்தை இன்னைக்கே போட்டுட்டாங்க. லெட்டர் என் பையில இருக்கு. நாலு தடவை தொட்டுப் பார்த்துட்டேன். அம்மா, இப்ப அழலாம்.

மேடம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அந்த மிட்டாய் வந்துச்சான்னு அப்புறமா சொல்லு, பலகையில ஒரு வரிக்கு இடம் விட்டு வச்சிருக்கேன்"ன்னு.

அத்தை, காலையிலேர்ந்து நீல டிக் விழுது, பதில் வரல. பால் பொங்கினதெல்லாம் போதும். அடுப்பை அணைச்சுட்டுக் கடைக்குக் கிளம்புங்க.